மலை இறங்கும் வீடு!

ஆறு சக்கரத்தில் ஓடுகிறது ஒரு வீடு.

உள்ளே கட்டில் இருக்கிறது. அடுப்பு இருக்கிறது. ஐஸ் பெட்டி இருக்கிறது. குளியல் அறையும் உண்டு. குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்து கிளம்பிவிடலாம். போகிற ஊரில் ஓட்டல் தேட வேண்டாம். சமையலுக்கு இடம் தேட வேண்டாம்.

சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு அதன் எடை ஏறக்குறைய ஐந்தரை டன்!

அந்த வீடு மலை மேலே இருந்து கீழே இறங்குகிறது. ஓட்டுகிற இடத்தில் அப்பா. பக்கத்தில் அம்மா. பின்னால் பிள்ளைகள்.

சரிவில் உருண்டு ஓடப் பார்க்கும் இந்த ஐந்தரை டன்னை இழுத்துப் பிடிப்பது எது?

"பிரேக்" என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி பதில்தான். பிரேக்கின் உயிர் ஒரு திரவத்தில் இருக்கிறது. மெல்லிய குழாய்க்குள் நிற்கும் அந்தத் திரவம் கெட்டுப்போனால், புத்தம் புதிய பிரேக்கும் கைவிட்டு விடும்.

ஜி.எம்.சி. வீட்டு வண்டி

இத்தகைய வண்டிகளுக்கு அமெரிக்காவில் "மோட்டார் ஹோம்" என்று பெயர். விடுமுறை வந்தால் மலை, ஏரி, காடு என்று இதில் புறப்பட்டு விடுவார்கள்.

ஆறு சக்கர வண்டியைச் செய்தது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் லாரிப் பிரிவான ஜி.எம்.சி. மிச்சிகன் மாநிலத்தில் உள்ள பான்டியாக் நகரில் 1973 முதல் 1978 வரை இது தயாரானது. 23 அடி நீளத்தில் ஒன்று, 26 அடி நீளத்தில் ஒன்று. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 13,000 வண்டிகள் வெளிவந்தன.

இதில் ஒரு விசேஷம் உண்டு. என்ஜின் முன் சக்கரங்களைச் சுழற்றும். பின் சக்கரங்களுக்குப் போகும் நீண்ட இரும்புத் தண்டு கிடையாது. அதனால் தளம் தரையை ஒட்டித் தாழ்வாக இருக்கும். பாட்டிகூடச் சிரமம் இல்லாமல் ஏறிவிடலாம்.

கம்பெனி செய்வதை நிறுத்தி இத்தனை வருஷம் ஆகியும் இந்த வண்டிகளைப் பலர் ஆசையோடு வைத்திருக்கிறார்கள். வருஷத்தில் சில வாரம் ஓடும். மற்ற நாட்களில் கொட்டகையில் நிற்கும்.

இந்தச் சும்மா நிற்கும் நாட்கள்தான் பிரேக்குக்கு எமன்! அது எப்படி என்பதைப் பிறகு பார்க்கலாம்.

முன் சக்கரம் இரண்டில் டிஸ்க் பிரேக். பின் சக்கரம் நான்கில் டிரம் பிரேக். ஆறையும் இயக்குவது ஒரே ஒரு கால் மிதி.

காலால் மிதித்தால் சக்கரம் நிற்பது ஏன்?

ஊசி போடும் குழாயை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதில் தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தினால் என்ன ஆகும்? அசையாது. கல் மாதிரி நிற்கும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதே காரணம்.

தண்ணீருக்குப் பதிலாக வெறும் காற்று இருந்தால்? "புசுக்" என்று உள்ளே போகும். காற்று சுருங்கிக் கொடுக்கும்.

பிரேக்கின் ரகசியம் முழுவதும் இவ்வளவுதான்.

மிதியை அழுத்தினால் "மாஸ்டர் சிலிண்டர்" என்ற பெரிய குழாயில் உள்ள திரவம் அழுத்தப்படுகிறது. அது சுருங்காது. ஆகவே அந்த அழுத்தம் முழுவதும் குழாய் வழியாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகிறது. அங்கே உள்ள சிறு சிலிண்டர் விரிந்து, பிரேக் கட்டையைச் சக்கரத்தோடு சேர்த்து அழுத்துகிறது.

அடைபட்ட திரவத்தில் ஓர் இடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவும் என்று சொன்னவர் பிளேஸ் பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர். அவர் காலம் 1623 முதல் 1662 வரை. மோட்டார் வண்டியை அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார்!

விளக்கெண்ணெய் பிரேக்

ஆதியில் மோட்டார் வண்டிகளுக்குக் கம்பியும் இரும்புக் கோலும்தான் பிரேக். மிதித்தால் கம்பி இழுக்கும். ஒரு சக்கரம் முந்திப் பிடிக்கும். மற்றொன்று பிந்திப் பிடிக்கும். வண்டி ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

இதை மாற்றியவர் மால்கம் லாக்ஹீட். இவரும் இவர் சகோதரர் ஆலனும் சேர்ந்து விமானம் செய்தவர்கள். குடும்பப் பெயரை ஜனங்கள் தப்பும் தவறுமாகப் படித்ததால் எழுத்தையே மாற்றிக்கொண்டார்கள் என்பது வேடிக்கையான செய்தி. விமானத் தொழிலை விட்டு மால்கம் பிரேக் பக்கம் வந்தார். 1921-ல் டூசன்பர்க் கார், நான்கு சக்கரத்துக்கும் திரவ பிரேக்கோடு வெளிவந்தது. 1924-ல் கிரைஸ்லர் காருக்கும் அது வந்தது.

ஹென்றி போர்டு மட்டும் மசியவில்லை. இரும்புக் கோலைத்தான் நம்பினார். 1939-ம் வருஷ மாடலில்தான் போர்டு கார்களுக்குத் திரவ பிரேக் வந்தது.

அந்த நாளில் குழாய்க்குள் எதை ஊற்றினார்கள் தெரியுமா? ஆமணக்கு எண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த கலவையை! நம் வீட்டு விளக்கெண்ணெய்தான். அது ரப்பரைக் கெடுக்காது. வழவழப்பும் கொடுக்கும். ஆனால் ஆல்கஹால் சீக்கிரம் கொதித்துவிடும். வேகம் குறைந்த வண்டிக்கு அது போதும். ஐந்தரை டன் வீட்டுக்குப் போதாது.

பிரேக் ஆயில் எண்ணெயா?

அதுதான் இல்லை!

மெக்கானிக் கடையில் எல்லோரும் "பிரேக் ஆயில்" என்று சொல்கிறார்கள். புட்டியில் பார்த்தால் எண்ணெய் மாதிரியேதான் இருக்கும். உண்மையில் இன்றைய பிரேக் திரவம் எண்ணெய் இனத்தைச் சேர்ந்தது அல்ல. பெரும்பாலும் அது "கிளைக்கால்" என்ற ரசாயன இனம். எண்ணெய் தண்ணீரோடு சேராது. இது தண்ணீரோடு நன்றாகக் கலந்துவிடும்.

இந்தப் பெயர்க் குழப்பத்தால் விபரீதமும் உண்டு. "ஆயில்தானே" என்று என்ஜின் ஆயிலை ஒரு சொட்டு விட்டாலும் போச்சு. பிரேக்கில் உள்ள ரப்பர் கப்புகள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதி உப்பிவிடும். பிறகு பிரேக் பிடித்தது விடாது. அல்லது பிடிக்கவே பிடிக்காது. அப்படி ஊற்றிவிட்டால் ரப்பர்களை எல்லாம் கழற்றி எறிந்து, குழாய்களைக் கழுவி, புதிதாகப் போட வேண்டியதுதான். வேறு வைத்தியம் இல்லை.

பன்னிரண்டு குடம் வெந்நீர்!

பிரேக் வண்டியின் ஓட்டத்தை எங்கே கொண்டுபோய் ஒளிக்கிறது? உஷ்ணமாக மாற்றுகிறது. இரண்டு உள்ளங்கையையும் அழுத்தித் தேய்த்தால் சூடாகிறதே, அதே கதைதான்.

எவ்வளவு சூடு?

ஐந்தரை டன் வண்டி 1,000 மீட்டர் உயரத்தில் இருந்து இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெளிப்படும் சக்தியைக் கணக்குப் போட்டால், சாதாரணத் தண்ணீர் 180 லிட்டரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரலாம். அதாவது 15 லிட்டர் குடத்தில் பன்னிரண்டு குடம்! காற்றின் எதிர்ப்பும் என்ஜினும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுவதும் சக்கரத்தின் இரும்பில்தான் ஏற வேண்டும்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் மலைகள் அதிகம். அங்கே ஐசன்ஹோவர் குகைப் பாதை என்று ஒன்று இருக்கிறது. அது திறந்ததும் 1973-ல்தான். கடல் மட்டத்துக்கு மேல் 11,000 அடி உயரத்தில் மலையைக் குடைந்து போட்ட பாதை. அங்கிருந்து டென்வர் நகருக்கு வர வேண்டும் என்றால், ஏறத்தாழ 6,000 அடி இறங்க வேண்டும்.

அந்த மலைச் சாலைகளின் ஓரத்தில் ஆங்காங்கே ஒரு கிளைப் பாதை மேல்நோக்கி ஏறிப் பாதியில் நின்றுவிடும். அதில் சரளைக் கல் ஆழமாகக் கொட்டியிருக்கும். அது எந்த ஊருக்கும் போகாது. பிரேக் போன லாரி அதில் ஏறினால் சக்கரம் சரளையில் புதைந்து நிற்கும்.

அதே மாநிலத்தில் பைக்ஸ் பீக் என்று ஒரு சிகரம். 14,000 அடிக்கு மேல் உயரம். உச்சி வரை காரில் போகலாம். இறங்கும் வழியில் கிளென் கோவ் என்ற இடத்தில் காவலர்கள் ஒவ்வொரு காரையும் நிறுத்துகிறார்கள். சக்கரத்தின் அருகே ஒரு கருவியை நீட்டி பிரேக்கின் சூட்டைப் பார்க்கிறார்கள். அதிகம் என்றால், "கொஞ்ச நேரம் இருந்து ஆறவிட்டுப் போங்கள்" என்று ஓரமாக நிறுத்திவிடுவார்கள். காருக்கே இந்தக் கதி!

திரவம் கொதித்தால்?

சக்கரத்தில் ஏறிய சூடு மெள்ள மெள்ள உள்ளே போகிறது. கடைசியில் பிரேக் திரவத்தைத் தொடுகிறது.

திரவம் சூடானால் பரவாயில்லை. கொதித்தால்தான் ஆபத்து. கொதித்தால் ஆவி வரும். ஆவி, காற்று மாதிரி. அமுக்கினால் சுருங்கிக் கொடுக்கும்.

டிரைவர் மிதிக்கிறார். மிதி "புசுக்" என்று தரை வரை போகிறது. குழாய்க்குள் ஆவிக் குமிழி சுருங்குகிறது. சக்கரத்துக்கு அழுத்தம் போகவில்லை. வண்டி நிற்கவில்லை!

இதில் இன்னொரு மாயமும் இருக்கிறது.

வண்டி ஓடும்போது காற்று வீசிச் சக்கரத்தைக் கொஞ்சம் ஆற்றிக்கொண்டே இருக்கும். இறக்கத்தின் நடுவே, "பிள்ளைகள் பசி என்கிறார்கள்" என்று பத்து நிமிஷம் நிறுத்துகிறார்கள். இப்போது காற்று இல்லை. டிஸ்க்கில் தேங்கிய சூடு அப்படியே சிலிண்டருக்குள் இறங்குகிறது. ஓடும்போது கொதிக்காத திரவம், நின்ற பிறகு கொதிக்கிறது! சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தவர் முதல் வளைவில் மிதித்தால், பிரேக் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து எல்லாம் ஆறிவிடும். ஆவி மறுபடியும் திரவம் ஆகிவிடும். மிதி பழையபடி கெட்டியாக நிற்கும். மெக்கானிக் வந்து பார்த்து, "பிரேக் சரியாகத்தானே இருக்கிறது!" என்பார். குற்றவாளி தடயம் இல்லாமல் தப்பிவிட்டான்!

தண்ணீர் குடிக்கும் திரவம்

கொட்டகையில் நிற்கும் நாட்கள் எமன் என்று மேலே சொன்னது இதனால்தான்.

கிளைக்கால் திரவத்துக்குத் தாகம் அதிகம். காற்றில் உள்ள ஈரத்தை அது உறிஞ்சும். மூடியின் சிறு துவாரம் வழியாகவும், ரப்பர் குழாயின் சுவர் வழியாகவும் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வண்டி ஓடினாலும் போகும். ஓடாமல் நின்றாலும் போகும். உப்பை மழைக்காலத்தில் திறந்து வைத்தால் கசிகிறது அல்லவா? அதைப் போலத்தான்.

"என் வண்டி இந்த வருஷம் ஆயிரம் மைல்கூட ஓடவில்லை. பிரேக் திரவத்தை ஏன் மாற்ற வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. மைல் கணக்கு இதற்குச் செல்லாது. காலண்டர் கணக்குத்தான் செல்லும்.

தண்ணீர் சேர்ந்தால் என்ன கெடுதல்? திரவம் சீக்கிரம் கொதித்துவிடும். உள்ளே துருவும் பிடிக்கும்.

எண்ணில் சொன்னால் பயமாகத்தான் இருக்கிறது. புதிய சாதாரணத் திரவம் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்கக் கூடாது என்பது சட்டம். அதிலே நூற்றுக்குச் சுமார் 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்தால், 140 டிகிரி வரை தாங்கினால் போதும் என்று அதே சட்டம் விட்டுக்கொடுக்கிறது. ஒரு லிட்டரில் 37 மில்லி தண்ணீர். இரண்டரை மேஜைக் கரண்டி! அதற்கு 65 டிகிரி பறிபோகிறது.

மூன்று, நான்கு, ஐந்து...

இந்தச் சட்டம் அமெரிக்க சர்க்காருடையது. அங்கே போக்குவரத்து இலாகா 1967-ல் வேலை தொடங்கியது. அந்த இலாகாவின் ஆங்கிலப் பெயரில் உள்ள முதல் எழுத்துக்களைச் சேர்த்தால் "டாட்" என்று வரும். பிரேக் திரவப் புட்டியில் டாட் 3, டாட் 4 என்று போட்டிருப்பது அதுதான். உலகம் முழுவதும் இப்போது இந்த எண்ணைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள்.

டாட் 3 என்றால் மேலே சொன்ன 205 டிகிரி. ஜி.எம்.சி. வீட்டு வண்டி பிறந்தபோது அதில் ஊற்றியது இந்த வகைதான்.

டாட் 4 கொஞ்சம் உயர்ந்த ஜாதி. புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. தண்ணீர் சேர்ந்த பிறகு 155. கிளைக்காலோடு போரான் சேர்ந்த ஒரு ரசாயனத்தைக் கலந்திருப்பதால் இந்தப் பலம். மூன்றும் நான்கும் ஒரே குடும்பம். டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். அண்ணன் தம்பி மாதிரி கலந்துவிடும். ஆனால் டாட் 4 கேட்கும் வண்டியில் டாட் 3 ஊற்றுவது சிக்கனம் அல்ல, தரத்தைக் குறைப்பது.

அடுத்து வருவது டாட் 5. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நான்கைவிட ஐந்து பெரிது, ஆகவே அதுதான் நல்லது என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள்.

டாட் 5 வேறு குடும்பம். அது கிளைக்கால் அல்ல, சிலிக்கோன். அடையாளம் தெரிய வேண்டும் என்று அதற்கு ஊதா நிறம் கொடுத்திருக்கிறார்கள். மற்றவை நிறம் இல்லாமலோ, தேன் நிறத்திலோ இருக்கும். ஊதாவையும் தேனையும் ஒரே குழாயில் கலக்கக் கூடாது.

இதோடு குழப்பம் தீர்ந்ததா என்றால் இல்லை. டாட் 5.1 என்று ஒன்றும் இருக்கிறது! பெயரைப் பார்த்தால் ஐந்தின் தம்பி. உண்மையில் அது மூன்று, நான்கு குடும்பத்துப் பிள்ளை. கிளைக்கால் இனம். 260 டிகிரி தாங்கும். தண்ணீர் சேர்ந்தால் 180. ஒரு புள்ளியும் ஒரு ஒன்றும் சேர்ந்தால் குலமே மாறிவிடுகிறது. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்!

ஊதா நல்லதா?

சிலிக்கோனுக்கும் 260 டிகிரிதான். அது தண்ணீரைக் குடிக்காது. வண்டியின் பெயின்டில் கொட்டினால் பெயின்ட் உரியாது. கிளைக்கால் கொட்டினால் உரியும். அமெரிக்க ராணுவம் 1980-களில் தன் வண்டிகளுக்குச் சிலிக்கோனை எடுத்துக்கொண்டது. நெடுநாள் கிடங்கில் நின்றுவிட்டு, ஒரு நாள் திடீரென்று புறப்பட வேண்டிய வண்டிகள் அல்லவா!

அப்படியானால் கொட்டகையில் நிற்கும் வீட்டு வண்டிக்கும் ஊதாதானே பொருத்தம்? வீட்டு வண்டிக்காரர்களில் சிலர் அடித்துச் சொல்கிறார்கள், ஆம் என்று.

அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

சிலிக்கோன் தண்ணீரைக் குடிக்காது என்றால், உள்ளே வந்த தண்ணீர் எங்கே போகும்? தனியாக நிற்கும். பள்ளமான இடத்தில் போய்த் தங்கும். பள்ளமான இடம் எது? சக்கரத்தின் சிலிண்டர்! அங்கே துருப் பிடிக்கும். பனி நாட்டில் உறையும். மலையில் இறங்கும்போது, 260 டிகிரி தாங்கும் திரவத்துக்கு நடுவில் 100 டிகிரியில் கொதிக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர்!

இன்னொன்று. சிலிக்கோன் காற்றைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். மிதி கொஞ்சம் பஞ்சு மாதிரி இருக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் புதிய "ஏ.பி.எஸ்." பிரேக்கில் வால்வுகள் படபடவென்று திறந்து மூடும். அங்கே சிலிக்கோன் நுரைத்துவிடும். ஆகவே அந்த வண்டிகளில் அதைத் தொடவே கூடாது.

கண்காட்சியில் நிற்கும் வண்டிக்கு ஊதா சரி. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்கும் ஐந்தரை டன் வண்டிக்கு நல்ல டாட் 4 திரவம்தான் ஏற்றது. அதையும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்ற வேண்டும்.

மாற்றுவதுதான் முக்கியம். புத்தம் புதிய டாட் 3-க்கு 205 டிகிரி. தண்ணீர் குடித்த பழைய டாட் 4-க்கு 155 டிகிரி. பந்தயத்தில் புது மூன்று, பழைய நான்கைத் தோற்கடித்துவிடும்! "விலை உயர்ந்ததை ஊற்றியிருக்கிறேன், ஐந்து வருஷம் கவலை இல்லை" என்று இருப்பவரைவிட, மலிவானதை வாங்கி வேளை தவறாமல் மாற்றுகிறவர் பத்திரமாக இறங்குவார்.

எல்லா வீட்டு வண்டிக்கும் இந்தக் கவலை கிடையாது. பஸ் மாதிரி பெரிய டீசல் வீட்டு வண்டிகளில் காற்றால் இயங்கும் பிரேக் உண்டு. அங்கே இந்தத் திரவமே இல்லை. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீடுகளில் பெரும்பாலும் மின்சார பிரேக். எந்த வண்டியானாலும் மாஸ்டர் சிலிண்டரின் மூடியிலும், கம்பெனி கொடுத்த புத்தகத்திலும் எந்த எண் என்று போட்டிருக்கும். புதிய வண்டிகளில் சில, குளிரிலும் கெட்டியாகாத நீர்த்த டாட் 4 வேண்டும் என்று கேட்கும். கேட்டதைத்தான் கொடுக்க வேண்டும்.

டிரைவர் காலில் பாதி

திரவம் எவ்வளவு உயர்ந்தது ஆனாலும், இறக்கம் முழுவதும் மிதியின் மேல் காலை வைத்துக்கொண்டே வந்தால் அது கொதிக்கத்தான் செய்யும்.

மலை டிரைவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாற்றிவிடுவார்கள். என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். வேகம் ஏறினால் ஒரு முறை அழுத்தமாக மிதித்துக் குறைப்பார்கள். பிறகு காலை எடுத்துவிடுவார்கள். அந்த இடைவெளியில் சக்கரம் ஆறும்.

மிதி தரைக்குப் போய்விட்டால்? கால் பதறாமல் வேக வேகமாகப் பலமுறை மிதித்தால், சில சமயம் கொஞ்சம் அழுத்தம் திரும்பும். கியரை இன்னும் கீழே இறக்க வேண்டும். கை பிரேக் பெரும்பாலான வண்டிகளில் கம்பியால் வேலை செய்வது. அதற்குத் திரவம் வேண்டாம். அதை மெள்ள மெள்ள இழுக்க வேண்டும். ஒரே இழுப்பாக இழுத்தால் வண்டி சுழன்றுவிடும்.

நம் ஊர் வண்டிகளில்

வீட்டு வண்டி அமெரிக்காவில் இருக்கலாம். அதே திரவம் தமிழ்நாட்டில் ஓடும் கார்களிலும் வேன்களிலும் இருக்கிறது. டிஸ்க் பிரேக் உள்ள மோட்டார் சைக்கிளிலும் இருக்கிறது. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி தெரியும். அதன் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று அச்சு வார்த்திருக்கும்.

சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். திரவமும் சீக்கிரம் தண்ணீர் குடிக்கும். அங்கே சமதளத்தில் ஓடும்போது எந்தக் குறையும் தெரியாது. கோடை விடுமுறைக்கு அதே வேன் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும். ஊட்டிக்குப் போகும் கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் 70. திரவத்தின் வயது தெரிவது அங்கேதான்!

அது கெட்டுவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கறுத்த திரவம் பழையதாக இருக்கலாம். ஆனால் தெளிவாக இருப்பதால் நல்லது என்று அர்த்தம் அல்ல. தண்ணீர் கலந்தால் நிறம் மாறாது. கொதிநிலையைப் பார்க்கும் கருவி நல்ல மெக்கானிக் கடைகளில் உண்டு. கருவி இல்லாத இடத்தில், கடைசியாக மாற்றிய தேதியை எழுதி வைத்துக்கொள்வதே வழி.

மாற்றும்போது மேலே உள்ள பெட்டியில் மட்டும் புதியதை ஊற்றினால் பிரயோஜனம் இல்லை. பழையது சக்கரத்தில்தானே நிற்கிறது! ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சிறு திருகைத் திறந்து, பழையது முழுவதும் வெளியேறிப் புதியது வரும் வரை விட வேண்டும். வழக்கமாக, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகவும் தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்குவார்கள். கடைசியில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

புட்டியும் சிறியதாக வாங்க வேண்டும். முத்திரை உடைத்த புட்டி அலமாரியில் இருந்தாலும் ஈரம் குடிக்கும். போன வருஷம் திறந்து வைத்த பாதிப் புட்டியை இந்த வருஷம் ஊற்றினால், பழையதை எடுத்துவிட்டுப் பழையதையே ஊற்றியதாக ஆகும்.

கையில் பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும். பெயின்டில் பட்டாலும் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். துணியால் தேய்க்கக் கூடாது. வயிற்றுக்குள் போனால் இது விஷம். மிச்சத்தைக் கலர் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. பிள்ளைகள் தேன் நிறத்தைப் பார்த்துக் குடித்துவிடுவார்கள். அது வந்த புட்டியிலேயே இருக்கட்டும். மூடி இறுக்கமாக, உயரமான இடத்தில்.